கொட்டகைக்கா, கூத்துக்கா?

கொரோனாவில் மூடிய கலையரங்குகளை எப்படித் தாங்குவது என்பதில் உலகம் இரண்டு கட்சியாக நின்றது. இடத்துக்குப் பணம் கொடு என்றது ஒன்று, ஆளுக்குக் கொடு என்றது மற்றொன்று. 2020 ஜூலையில் பிரிட்டன் 157 கோடி பவுண்டு அறிவித்தது. பெரும்பகுதி அரங்குகளுக்கும் நிறுவனங்களுக்கும்தான். அமெரிக்காவில் 2019 வருமானத்தில் 45 சதவீதம் வரை அரங்குக்கு மானியம், உச்சவரம்பு ஒரு கோடி டாலர். அயர்லாந்து வேறு வழியில் போனது. 2022இல் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ, நேராகக் கையில்.

சேலத்தில் எது எடுபட்டிருக்கும்?

இடத்துக்குக் கொடு என்பதிலும் நியாயம் இருக்கிறது. தியேட்டரைப் பூட்டினாலும் உயரழுத்த மின் இணைப்புக்கு டிமாண்ட் கட்டணம் ஓடும், சொத்து வரி ஓடும், ஆபரேட்டருக்கும் வாட்ச்மேனுக்கும் சம்பளம் நிற்காது. ஒரு கொட்டகை ஒருமுறை கல்யாண மண்டபமாக மாறிவிட்டால் திரும்பக் கொட்டகை ஆகாது. 1935இல் தொடங்கி படமாக எடுத்துத் தள்ளிய சேலத்து ஸ்டுடியோ மாடர்ன் தியேட்டர்ஸுக்கே இன்று ஏற்காடு சாலையில் மிஞ்சியிருப்பது நுழைவாயில் வளைவுதான். ஆகவே அந்தக் கவலையைச் சும்மா தள்ளிவிட முடியாது.

ஆனால் தெருக்கூத்துக்கு அரங்கு ஏது? கோயில் முன்னால் இருக்கும் திடல், ஒரு பந்தல், மறைப்புக்கு ஒரு திரை, அவ்வளவுதான். வருமானக் கணக்கு காட்டச் சொன்னால் எதைக் காட்டுவார்கள்? அட்வான்ஸே வெற்றிலை பாக்கில் வைத்துத்தான் வருகிறது. பங்குனி, சித்திரை, வைகாசி என்று திருவிழா வரிசைகட்டும் மாதங்களில் சம்பாதித்துத்தான் மழைக்காலத்தை ஓட்ட வேண்டும். 2020 மார்ச் 25 ஊரடங்கு அந்தச் சீசனின் வாசலில் வந்து நின்றது. மறு வருஷம் ஏப்ரல் 10 முதல் திருவிழாவுக்கே தடை. இரண்டு சீசனும் போச்சு. இடத்துக்குத்தான் காசு என்றால் கூத்தில் முகவீணை என்ற குழல் ஊதுகிறவருக்கு ஒரு பைசா சேராது.

ஆளுக்குக் கொடுப்பதிலும் ஓட்டை உண்டு. முதல் ஊரடங்கில் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய உறுப்பினர்களுக்கு 1,000 ரூபாய் வந்தது. தொகை சிறிது என்பது ஒருபக்கம். வாரிய அட்டை இல்லாதவருக்கு அதுவும் இல்லை. இருந்தாலும் என் ஓட்டு ஆளுக்குத்தான். கொட்டகைக்கு மின் கட்டணத்தையும் வரியையும் தள்ளி வைத்தாலே பாதி சுமை இறங்கும்.

சரி, திறப்பது எப்படி? தியேட்டர்கள் 2020 நவம்பர் 10இல் பாதி இருக்கையோடு திறந்தன. 2021 ஜனவரி 4இல் முழு இருக்கைக்கு அனுமதி வந்தது, மத்திய அரசு ஆட்சேபிக்க நாலே நாளில் வாபஸ் ஆனது. எல்லாரும் இருக்கையை எண்ணிக்கொண்டிருந்தார்கள், காற்றைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஜெர்மனியில் ஹாலே பல்கலைக்கழகத்தார் 2020 ஆகஸ்டில் லைப்சிக் அரங்கில் நிஜக் கச்சேரியே நடத்திச் சோதித்தார்கள். காற்றோட்டம் மோசமானால் ஆபத்து எகிறும் என்று கண்டார்கள். அப்படிப் பார்த்தால் ஏசி ஓடும் மூடிய ஹாலில் ஒன்று விட்டு ஒரு சீட்டில் உட்காருவதைவிட, ஓமலூர்ப் பக்கத்துத் திடலில் பாயை விலக்கிப் போட்டு உட்காருவது மேல். முதலில் திறந்திருக்க வேண்டியது திடல். நம் ஊரில் அது கடைசி. 2020, 2021 இரண்டு வருஷமும் ஏற்காடு கோடை விழாவும் இல்லை.

ஆன்லைன் கூத்து? ஜிபேயில் காசு அனுப்பலாம்தான். ஆனால் கூத்தில் அன்பளிப்பு என்றால் ரூபாய்த் தாளை வேஷக்காரர் மார்பில் குத்திவிட வேண்டும், கோமாளி அந்த ஆளின் பெயரையும் ஊரையும் சொல்லி ஆட்டத்தை நிறுத்திப் புகழ வேண்டும். பங்காளி கொடுத்ததைப் பார்த்து இவரும் பத்து ரூபாய் கூட்டிக் குத்துவார். அது செல்போனில் நடக்காது.

திடலைத் திறந்தாலும் ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. 2021 ஏப்ரல் 20இல் வந்த இரவு ஊரடங்கு பத்து மணி முதல் நாலு மணி வரை. கூத்து தொடங்குவதே பத்து மணிக்குத்தான். ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்கு முடிக்கும் குறுங்கூத்துக்கு அப்போதே அனுமதி கொடுத்திருக்கலாம். விடிய விடிய ஆடிப் பழகிய கூத்து வாத்தியார்கள் முணுமுணுத்திருப்பார்கள், ஆனால் வேஷம் கட்டியிருப்பார்கள்.