உள்ளரங்க இறகுப்பந்துக்கு ஒரு பழைய லென்ஸ்: கேனான் ஈஎஃப் 85 மி.மீ. எஃப்/1.8 யுஎஸ்எம்

உள்ளரங்க விளையாட்டைப் படமெடுக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கேமராவைத்தான் முதலில் மாற்ற நினைக்கிறார்கள். இருக்கும் கேமராவை அப்படியே வைத்துக்கொண்டு, அப்பர்ச்சர் (ஒளி உள்ளே வரும் துளை) அகலமாகத் திறக்கும், ஜூம் இல்லாத ஒரு பிரைம் லென்ஸுக்குப் பணத்தைச் செலவிடுவதே சரி என்பது என் கருத்து. கேனான் நிறுவனம் 1992-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஈஎஃப் 85 மி.மீ. எஃப்/1.8 யுஎஸ்எம் லென்ஸை 80டி கேமராவில் பொருத்தி, புதுச்சேரியிலும் கடலூரிலும் நடக்கும் உள்ளூர் இறகுப்பந்துப் போட்டிகளில் பயன்படுத்தி வருகிறேன். கூடைப்பந்தும் கைப்பந்தும் கொஞ்சம் எடுத்ததுண்டு. முதன்முறையாகப் போட்டி எடுக்கப் போகும் ஒருவருக்கு இந்த லென்ஸ் எந்த அளவுக்கு உதவும், எங்கே கைவிடும் என்பதை மனத்தில் கொண்டு எழுதுகிறேன்.

அரங்கத்துக்குள் நுழைந்தவுடன் எல்லாம் பளிச்சென்றுதான் தெரியும், ஏனெனில் நம் கண் மங்கலான இடத்துக்கும் உடனே பழகிக்கொள்கிறது. உச்சி வெயிலில் கடற்கரைச் சாலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். நன்றாக விளக்குப் போட்ட ஓர் இறகுப்பந்துக் கூடத்தில் 500 லக்ஸ் இருந்தாலே அது நல்ல வெளிச்சம். தகரக் கூரை போட்ட தனியார் பயிற்சிக் கூடங்கள் பலவற்றில் அதுவும் இருப்பதில்லை. ஆடுகிறவரின் கையும் முகமும் கலங்காமல் பதிய வேண்டுமானால் ஷட்டர் வேகம் 1/800 நொடிக்குக் குறையக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். கேமராவோடு வரும் கிட் லென்ஸை முழுதாக ஜூம் செய்தால் அப்பர்ச்சர் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறியதாக ஆக ஆகத் துளை பெரிதாகும்). அந்த 500 லக்ஸ் வெளிச்சத்தில் கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐ.எஸ்.ஓ.வை 12800 வரை ஏற்ற வேண்டியிருக்கும், படம் முழுவதும் மணல் தூவியதுபோல் ஆகிவிடும். இந்த 85 மி.மீ. லென்ஸை எஃப்/2-இல் வைத்தால் அதே ஷட்டர் வேகத்துக்கு ஐ.எஸ்.ஓ. 1600 போதும். வெளிச்சம் 300 லக்ஸாகக் குறைந்தாலும் 3200-ஐத் தாண்ட வேண்டியதில்லை. எஃப்/1.8-க்கும் எஃப்/5.6-க்கும் இடையே உள்ளே வரும் ஒளியின் அளவில் ஏறக்குறைய பத்து மடங்கு வேறுபாடு உண்டு. அந்தப் பத்து மடங்கை ஈடுசெய்யும் புதிய கேமரா எதுவும் இந்த விலைக்குப் பக்கத்தில்கூடக் கிடைக்காது.

ஃபிளாஷ் போட்டு எடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. போட்டிகளில் நடுவர்கள் அதை அனுமதிப்பதில்லை, அனுமதிக்கவும் கூடாது. மேலே பார்த்து ஷட்டிலைக் கணித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் கண்ணில் ஒளி அடித்தால் அந்தப் புள்ளி அவ்வளவுதான்.

லென்ஸின் கட்டமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 425 கிராம் எடை, 58 மி.மீ. ஃபில்டர் அளவு, எட்டு இதழ் அப்பர்ச்சர், குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் 0.85 மீட்டர். ஃபோகஸ் செய்யும்போது லென்ஸ் நீள்வதும் இல்லை, முன்பகுதி சுழல்வதும் இல்லை. பக்கவாட்டு ஒளியை மறைக்க லென்ஸின் முன்னே மாட்டும் ஹூட் தனியாகத்தான் வாங்க வேண்டும், அதை நிச்சயம் வாங்க வேண்டும், ஏனென்றால் உள்ளரங்க விளக்குகள் எப்போதும் படச் சட்டத்தின் மேல் விளிம்புக்கு அருகில்தான் நிற்கும். நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் இதில் இல்லை. 1/800 நொடியில் படமெடுப்பவருக்கு அது தேவையும் இல்லை.

இந்த லென்ஸை 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸிலிருந்து தனித்து நிறுத்துவது ஃபோகஸை இயக்கும் அதன் ரிங் யுஎஸ்எம் மோட்டார். ஒலியே இல்லாமல், பின்கோட்டிலிருந்து வலைக்கு ஓடி வருகிற ஆட்டக்காரரை விடாமல் பின்தொடர்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் வடிவமைத்த ஒரு லென்ஸ் இத்தனை விரைவாக இயங்குவது இன்றும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. அந்த வேகத்தைப் பயன்படுத்திக்கொள்ள ஃபோகஸ் முறையை, நகரும் ஆளைத் தொடர்ந்து பின்தொடரும் ஏஐ சர்வோவில் வைத்து, நடுப்புள்ளியையோ அதைச் சுற்றியுள்ள சிறு தொகுதியையோ தேர்ந்துகொண்டு, அதை முகத்தைவிட மார்பின் மீது வைத்திருப்பது நல்லது. முகம் சட்டென்று திரும்பிவிடும், மார்பு அவ்வளவு எளிதில் புள்ளியை விட்டு விலகாது. எஃப்/1.8-இல் பத்து மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கூர்மை கிடைக்கிறது. ஐந்து மீட்டரில் அது கால் மீட்டராகச் சுருங்கிவிடுவதால், அருகில் நிற்பவரை எடுக்கும்போது ராக்கெட் கூர்மையாகவும் கண் மங்கலாகவும் வர வாய்ப்பு அதிகம். நான் பெரும்பாலும் எஃப்/2 அல்லது எஃப்/2.2-இல் நிறுத்திக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இறகுப்பந்தில் உண்மையான எதிரி வலைதான். அதன் மேல்விளிம்பு கம்பங்களருகே 1.55 மீட்டர் உயரத்திலும் நடுவில் 1.524 மீட்டர் உயரத்திலும் இருக்கும். பின்கோட்டுக்குப் பின்னால் தரையில் அமர்ந்து எடுத்தால் எதிர்ப்பக்க ஆட்டக்காரரின் முகம் வலைக்கண்களுக்குள் மாட்டிக்கொள்ளும், ஃபோகஸும் வலையைப் பிடித்துக்கொள்ளும். லென்ஸைக் குறை சொல்வதில் பொருளில்லை. எந்த லென்ஸும் அதைத்தான் செய்யும். கேமராவின் தனிப்பயன் அமைப்புகளில் சர்வோவின் பின்தொடரும் உணர்திறனைக் குறைத்து வைத்தால், இடையில் குறுக்கிடும் பொருளுக்கு ஃபோகஸ் உடனே தாவாமல் சற்றுப் பொறுத்திருக்கும். அதைவிட எளிய வழி, மாடத்தில் ஒரு வரிசை ஏறி நின்றுகொள்வது. உப்பளம் உள்விளையாட்டரங்கம் போன்ற பெரிய இடத்தில் அந்த வசதி கிடைக்கும். மாடமே இல்லாத சிறிய கூடங்களில் நாற்காலி கேட்டு வாங்கி அதன்மேல் ஏறி நிற்பதைவிட, பக்கக்கோட்டுக்கு வெளியே வலைக் கம்பத்திலிருந்து சற்று விலகி நின்று, எதிர்ப்பக்க ஆட்டக்காரரைச் சாய்வாக எடுப்பது மரியாதை.

85 மி.மீ. என்ற நீளம் இந்த ஆட்டத்துக்கு ஏன் பொருந்துகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 80டி போன்ற ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவில், பத்து மீட்டர் தூரத்தில் இந்த லென்ஸ் சட்டத்துக்குள் கொண்டுவருவது 2.6 மீட்டர் அகலமும் 1.75 மீட்டர் உயரமும். ஆடுகளத்தின் நீளம் 13.4 மீட்டர், பின்கோட்டுக்கு இரண்டு மீட்டர் பின்னால் நாம் நின்றால், எதிர்ப்பக்கப் பின்கோட்டில் நிற்பவர் பதினைந்தரை மீட்டர் தொலைவில் இருப்பார். அங்கே சட்டத்தின் உயரம் 2.7 மீட்டராகிறது. ராக்கெட்டை உயர்த்திக் குதிக்கிற ஒருவர் கால் தரையை விட்டு எழும்பிய இடைவெளியோடு சேர்த்து அதற்குள் இறுக்கமாக அடங்கிவிடுவார். இதைவிடப் பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இது சற்று அகலமாகத் தெரியும். அவர்கள் 135 மி.மீ. பக்கம் போவதே பொருத்தம்.

எந்தக் கணத்தில் ஷட்டரை அழுத்துவது என்பதை லென்ஸ் சொல்லித்தராது. என்றாலும், இந்த லென்ஸின் நெருக்கமான சட்டத்துக்குள் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்று விளங்கும். மேலிருந்து மட்டுமே விளக்கு விழும் கூடத்தில், ஆடுகிறவர்கள் குனிந்து வலையருகே ஷட்டிலை எடுக்கும்போது கண்குழிகளில் நிழல் விழுந்து முகம் கறுத்துப்போகும். ஸ்மாஷுக்காக ஷட்டிலின் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்க்கும் அந்த அரை நொடியில் முகம் முழுவதும் விளக்கை நோக்கித் திரும்புகிறது. நெற்றி வியர்வை மின்ன, இடக்கை ஷட்டிலைச் சுட்டிக்காட்டியபடி உயர்ந்திருக்க, கண்ணின் வெண்மைகூடத் தெளிவாகப் பதிகிறது. ஷட்டில் ராக்கெட்டில் படும் வரை காத்திருக்காமல், வலக்கை பின்னே போகும்போதே அழுத்தத் தொடங்க வேண்டும். 80டி நொடிக்கு ஏழு படங்கள் எடுக்கும். அவற்றில் ஒன்றிரண்டு தேறினால் போதும். ஷட்டிலையே உறையவைத்துவிட வேண்டும் என்ற ஆசை வேண்டாம். 2023 ஏப்ரலில் ஜப்பானில் இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்து கின்னஸ் சாதனையாகப் பதிவான ஸ்மாஷின் வேகம் மணிக்கு 565 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் ஷட்டில் 15 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். நம்மூர்ப் பிள்ளைகள் அந்த அளவுக்கு அடிப்பதில்லை என்றாலும், முகம் கூர்மையாக இருந்து ஷட்டில் வெள்ளைக் கீற்றாக வந்தால் அதுவே ஆட்டத்தின் வேகத்தைச் சொல்லும்.

அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் மற்றொன்று இருட்டாகவும், சில வேளை ஒரே படத்தின் மேற்பாதி மஞ்சளாகவும் கீழ்ப்பாதி நீலமாகவும் வந்தால், லென்ஸிலோ கேமராவிலோ கோளாறு என்று பயப்பட வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய சோக் வைத்த குழல்விளக்குகளும் மெட்டல் ஹாலைடு விளக்குகளும் நொடிக்கு நூறு முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு 1/800 நொடிக்குத் தெரிந்துவிடும். 80டி-யின் மெனுவில் உள்ள ஃபிளிக்கர் தவிர்ப்பு வசதியை இயக்கிவிட்டால், விளக்கு உச்சத்தில் இருக்கும் கணத்துக்காகக் கேமரா காத்திருந்து ஷட்டரைத் திறக்கும். தொடர் படங்களின் வேகம் சற்றுக் குறையலாம், அது பெரிய இழப்பில்லை. எல்இடி விளக்குகளில் இந்தத் தொல்லை அவற்றுக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவரைப் பொறுத்தது. சில கூடங்களில் அறவே இருக்காது.

படத்தின் தரத்தைப் பற்றி ஒரு குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து எடுக்கும்போது, வெள்ளைச் சட்டையின் விளிம்பிலும் பின்னணியில் எரியும் விளக்கைச் சுற்றியும் ஊதா நிறம் கசியும். இந்த லென்ஸின் பரவலாக அறியப்பட்ட இயல்பு அது. அந்தக் காலத்து அகல அப்பர்ச்சர் லென்ஸ்கள் பலவற்றுக்கும் பொதுவானது. எஃப்/2.2-இல் ஓரளவு குறைகிறது, எஃப்/2.8-இல் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. கேமரா திருத்தாமல் அப்படியே பதியும் ரா கோப்பாக எடுத்தால் கணினியில் பெரும்பகுதியை நீக்கிவிடலாம். வண்ணச் சீருடை அணிந்த ஆட்டக்காரர்களும் கருநிறத் திரைப் பின்னணியும் அமைந்தால் யாரும் அதைக் கவனிக்கப் போவதில்லை.

கூடைப்பந்துக்கு இதே பாராட்டைச் சொல்ல முடியாது. வளையத்துக்குக் கீழே பின்கோட்டருகே அமர்ந்தால், பாய்ந்து வருகிறவர் நான்கு மீட்டருக்குள் வந்துவிடுவார்; அந்தத் தூரத்தில் இந்த லென்ஸில் முகமும் மார்பும்தான் கிடைக்கும். 3.05 மீட்டர் உயரத்தில் உள்ள வளையமும் ஆளும் ஒன்றாக வேண்டும் என்பவர்களுக்கு 50 மி.மீ. எஃப்/1.8 பொருத்தமானது, விலையும் மிகக் குறைவு, ஃபோகஸ் மட்டும் சற்று நிதானம். கபடிக்கும் அதே ஆலோசனைதான். பணம் தடையில்லை என்றால் 70-200 எஃப்/2.8 ஜூம் எல்லா ஆட்டத்துக்கும் ஈடுகொடுக்கும். ஆனால் எஃப்/1.8 உள்ளே விடும் ஒளியில் பாதிக்கும் குறைவாகவே எஃப்/2.8 விடும் என்பதை, சிறிய பயிற்சிக் கூடங்களை நம்பியிருப்பவர்கள் யோசித்துக்கொள்ள வேண்டும். கேனானின் மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்கள் அந்நிறுவனத்தின் அடாப்டரைப் போட்டு இதே லென்ஸை ஆட்டோஃபோகஸோடு பயன்படுத்தலாம்.

பழையதாக வாங்குவதே சிக்கனம் என்பதால் அதைப் பற்றியும் சொல்கிறேன். கடலூரும் புதுச்சேரியும் உப்புக்காற்று வீசும் ஊர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அலமாரிக்குள்ளேயே லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். வாங்குமுன் இரு பக்க மூடிகளையும் கழற்றி, அப்பர்ச்சர் திறந்த நிலையில், செல்போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து முன்பக்கம் வழியே பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு தூசித் துகள்கள் இருந்தால் படத்தைப் பாதிக்காது. சிலந்தி நூல்போல் கிளைவிட்ட வெண்மையான இழைகள் தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிறகு கேமராவில் மாட்டி, மிக அருகில் உள்ள பொருளுக்கும் தெருமுனைக்கும் மாறி மாறி ஃபோகஸ் செய்து பாருங்கள். மோட்டார் தயங்கினாலோ கீச்சென்று ஒலித்தாலோ அதைப் பழுதுபார்க்கும் செலவு லென்ஸின் விலையில் பாதியைத் தின்றுவிடும். வாங்கி வந்த பின் தோல்பையில் வைக்காமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, பொட்டலம் நிறம் மாறும்போதெல்லாம் மாற்றிவிடுங்கள்.