ஆடும் கப்பலில் ட்ரோனை இறக்க எந்தக் கணிப்பை நம்பலாம்?

போர்க்கப்பலின் இறங்குதளம் பெரும்பாலும் பின்பக்கம்தான். கப்பலின் நடுவிலிருந்து அது 50 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அணியம், அதாவது கப்பலின் முன்பகுதி, 3 டிகிரி தூக்கினால் போதும், தளம் 2.6 மீட்டர் கீழே போய்விடும். சில நொடிகளில் அதே வேகத்தில் மேலே ஏறி வரும். நொடிக்கு 1 மீட்டர் வீதம் இறங்கும் ட்ரோன், 5 நொடி கழித்துத் தளம் எங்கே இருக்கும் என்று தெரியாமல் இறங்கினால் அடிவாங்கும்.

எல்லாக் கப்பலிலும் செய்யக்கூடிய வழி ஒன்று உண்டு: கப்பல் இதுவரை ஆடியதை வைத்து இனி எப்படி ஆடும் என்று கணிப்பது. சாய்வை அளக்கும் ஜைரோவும் வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானியும் கப்பலில் ஏற்கெனவே இருக்கும். விமானங்களைக் கப்பலில் இறக்க இந்தக் கணக்கைப் போடுவது இன்று நேற்று வந்ததல்ல. அமெரிக்காவின் டிடி-963 வகைப் போர்க்கப்பலை வைத்துக் கால்மன் வடிகட்டி (இரைச்சல் கலந்த அளவீடுகளிலிருந்து உண்மை நிலையைக் கணிக்கும் கணக்கு முறை) ஆய்வு 1983-லேயே வெளிவந்துவிட்டது. பக்கவாட்டில் சாயும் ரோல் இதில் நன்றாகப் பிடிபடும். ஊஞ்சல் மாதிரி அது தன் சொந்தத் தாளத்தில் ஆடுகிறது. மேலும் கீழும் போகும் ஹீவ் அப்படியல்ல, வரும் அலை சொல்வதைக் கேட்கிறது. அதனால் ஹீவ் கணிப்பு சில நொடிகளிலேயே தடுமாறத் தொடங்கும்.

பழைய தரவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் எல்எஸ்டிஎம் போன்ற செயற்கை நரம்பு வலைப்பின்னல்களும் இதே குடும்பம்தான். பயிற்சித் தரவுக்குள் இருக்கும்வரை பிரமாதமாக வேலை செய்யும். சிக்கல், கப்பல் திரும்பும்போது. ஆழ்கடலில் 10 நொடி அலையின் நீளம் சுமார் 156 மீட்டர், வேகம் நொடிக்கு 15.6 மீட்டர். 15 நாட் (நொடிக்குச் சுமார் 7.7 மீட்டர்) வேகத்தில் அதை எதிர்கொண்டு போனால் 6.7 நொடிக்கு ஒரு முறை அலை மோதும். அதே அலையை முதுகுக்கு வாங்கிக்கொண்டு போனால் கிட்டத்தட்ட 20 நொடிக்கு ஒரு முறைதான். கடல் மாறவில்லை, கப்பல் திரும்பியது, அவ்வளவுதான். ஆனால் எதிரலைத் தரவை மட்டும் பார்த்துப் பழகிய மாடலுக்கு இது வேறு கடல். எத்தனை திசை, எத்தனை வேகம் என்று கேட்காமல் யாருடைய துல்லிய எண்ணையும் நான் நம்ப மாட்டேன்.

அடுத்தது அலை ரேடார். அலை கப்பலை அடையும் முன்பே எக்ஸ்-பேண்ட் என்ற குறுகிய அலைநீள ரேடாரில் பார்த்து, அது கப்பலை எப்படி ஆட்டும் என்று கணக்கிடுவது. அலையின் ஆற்றல் அதன் முகட்டைவிடப் பாதி வேகத்தில்தான் பயணிக்கும். மேலே சொன்ன அலைக்கு நொடிக்கு 7.8 மீட்டர். எதிரே போகும் கப்பலின் வேகத்தையும் சேர்த்தால், 2 கிலோமீட்டர் தள்ளித் தெரியும் அலை வந்துசேர இரண்டு நிமிடம் ஆகும். முதல் வழி கனவிலும் தராத அவகாசம் இது. பிரிட்டனின் எக்ஸிடர் பல்கலைக்கழகம் இப்படித்தான் கடல் சற்று அடங்கும் இடைவெளிகளைத் தேடியது.

ஆனால் ரேடார் அலையின் உயரத்தை நேரடியாகக் காட்டாது. நீர்ப்பரப்பின் சிற்றலைகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியிலிருந்து உயரத்தை ஊகிக்க வேண்டும். அந்தச் சிற்றலை எழ நொடிக்கு 3 மீட்டர் அளவாவது காற்று வேண்டும். காற்றே இல்லாமல் தொலைதூரப் புயல் அனுப்பிய பெரிய அலை மட்டும் உருண்டு வரும் நாளில், கப்பல் நன்றாக ஆடும், ரேடார் கிட்டத்தட்டக் குருடு.

மூன்றாவதாக, பெர்னார்ட் ஃபெரியர் என்ற ஆய்வாளர் முன்வைத்த ஆற்றல் குறியீடு. இது தளம் போகும் பாதையைக் கணிப்பதே இல்லை. ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள கப்பல் அமைதி நிலையிலிருந்து ஆபத்தான சாய்வுக்குச் சட்டென்று போக முடியாது, அதற்குச் சில நொடிகள் தேவை. இப்போதைய சாய்வு, வேகம், முடுக்கம் ஆகியவற்றை ஒரே எண்ணாக்கி, பச்சை காட்டினால் இறங்கு என்கிறது. எளிமையானது, ஏன் பச்சை என்று மாலுமியிடம் விளக்கவும் முடியும். படகு சிறியதானால் இந்த வாதம் வலுவிழக்கும். அது சட்டென்று ஆடிவிடும்.

கணிப்பே வேண்டாம் என்பவர்களும் உண்டு. 1960-களில் கனடா கடற்படை ஹெலிகாப்டரைக் கம்பியால் இழுத்துத் தளத்தில் பூட்டியது. ஸ்கேன்ஈகிள் ட்ரோன், தொங்கும் கயிற்றில் இறக்கை நுனியை மாட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. சிறிய ட்ரோனுக்கு இது போதும். ஃபயர் ஸ்கௌட் போன்ற ஹெலிகாப்டர் ட்ரோனைக் கயிற்றில் பிடிக்க முடியாது.

என்னைக் கேட்டால், எப்போது நெருங்கலாம் என்று சொல்ல ரேடார், கடைசி 5 நொடிக்கு ஆற்றல் குறியீடு. ரேடார் வாங்கப் பணம் இல்லையா, குறியீட்டை மட்டும் வைத்துக்கொண்டு தளத்தின் மேல் காத்திருக்கக் கூடுதல் எரிபொருள் வையுங்கள். விற்க வருபவர் அழகான ரோல் வரைபடத்தைக் காட்டுவார். அதை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு திசை அலைகள் குறுக்கிடும் கடலில், 5 நொடிக்குப் பிந்தைய ஹீவ் வேகத்தில் பிழை எவ்வளவு என்று கேளுங்கள்.