உதகைப் பட்டறையில் செய்த 3 மீட்டர் வலை டிஷ்: ஓராண்டுக்குப் பின்

பால்வீதியின் ஹைட்ரஜன் வாயு வெளியிடும் 21 சென்டிமீட்டர் அலையைப் பிடிப்பதற்காக, எங்கள் பள்ளி வானியல் மன்றம் 3 மீட்டர் விட்டமுள்ள பரவளைய டிஷ் ஒன்றை உதகையிலுள்ள ஒரு வெல்டிங் பட்டறையில் செய்து வாங்கியது. கேட்டும் பசுமைக்குடில் சட்டமும் செய்கிற பட்டறை அது.

செலவைக் குறைத்தது கம்பிவலைதான். அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான கண்ணுள்ள வலை அந்த அலைக்குத் தகடு போலவே அமையும் என்பதால், 12 மில்லிமீட்டர் கண்ணுள்ள ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வலையே போதுமானதாக இருந்தது; ஆடிக் காற்று அதனூடே புகுந்து போய்விடுவதால் கம்பமும் மெலிதாகவே அமைந்தது. இதற்கு முன்னோடி பக்கத்திலேயே இருக்கிறது. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் முத்தோரையில் எழுந்து 1970இல் இயங்கத் தொடங்கிய, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கியின் பரப்பு, நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளால் ஆனது. ஏறத்தாழ 92 சென்டிமீட்டர் அலைக்கு அதுவே போதும். அட்சரேகைக்கு ஒத்தபடி வடக்கே சுமார் 11 பாகை உயரும் சரிவைத் தேர்ந்ததால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகி, கிழக்கு மேற்காகத் திருப்பினாலே வான்பொருளை மணிக்கணக்கில் தொடர முடிகிறது. இந்த மலையையே தாங்கியின் ஒரு பாகமாக்கிய அந்த யோசனையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. எங்களுக்கு அந்தச் சுழற்சிகூடத் தேவைப்படவில்லை. டிஷ்ஷைத் தென்வடலாகச் சாய்த்து நிறுத்திவிட்டு, பால்வீதி தானே கடந்து போகக் காத்திருக்கிறோம்.

குறையும் இருந்தது. குவியம் 1.2 மீட்டரில் விழ, நடு ஆழம் 47 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பரப்பில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பிசகக் கூடாது. பட்டறையிலோ சட்டங்களைக் கண்ணளவில் வளைத்துவிட்டார்கள். விளிம்பின் குறுக்கே இரண்டு நூல்களைக் கட்டியபோது, நடுவில் தொட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று விரல் இடைவெளி விட்டு நின்றன. "கேட்டுக்கு இவ்வளவு பார்க்க மாட்டோம் சார், இதுக்குப் பார்த்துத்தான் ஆகணும்" என்ற மூத்த வெல்டர், நாங்கள் வெட்டிக் கொடுத்த பிளைவுட் அச்சில் வைத்து எல்லாச் சட்டங்களையும் கூடுதல் கூலியின்றி மறுபடி வளைத்தார். இப்போது அந்த 21 சென்டிமீட்டர் அலையின் அதிர்வெண்ணான 1420 மெகாஹெர்ட்ஸில், வரைபடத்தில் ஹைட்ரஜனின் மேடு தெளிவாக எழுகிறது.

வெல்டிங் பட்ட இடங்களில் துத்தநாகப் பூச்சு எரிந்துவிட்டதால், பனிமூட்டத்தில் சில மாதங்களிலேயே துரு ஏறியது. துத்தநாகப் பெயிண்டை முதலிலேயே கேட்டு அடிக்கச் செய்யுங்கள். வலையைப் பிணைப்பதற்கு முன்பே நூல் கட்டி அளந்துவிடுங்கள். பிணைத்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது.