எண்டாவ் ஆற்றில் கனூ: காரை எந்த முனையில் விடுவது?

சிங்கப்பூரில் கனூ விடும்போது இந்தக் கேள்வியே எழாது. காலாங் ஆனாலும் மெக்ரிட்ச்சி ஆனாலும் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவோம். ஜொகூரில் எண்டாவ் ஆற்றில் அது நடக்காது. கம்போங் பெத்தாவில் படகை இறக்கி, ஆற்றோடு போய், ஃபெல்டா நித்தார் 2 பக்கம் கரையேறுவோம். கார் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பயணமே அமையும். சில வருடங்களாக எங்கள் குழு பல விதமாக இதைச் செய்து பார்த்திருக்கிறது.

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இரண்டு கார். ஒன்றை முடிவில் விட்டுவிட்டு, மற்றதில் மேலே போவது. யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம், சரிதான். ஆனால் பக்கத்து ஊரான காஹாங்கிலிருந்து கம்போங் பெத்தா ஏறக்குறைய 56 கிலோமீட்டர்; செம்பனைத் தோட்டங்களையும் காட்டையும் ஊடுருவிப் போகும் மண் பாதை. மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. நம்மூர்ச் சாதாரண கார் அதில் போக வேண்டிய வண்டியே இல்லை. தப்பித்தவறிப் போய்ச் சேர்ந்தாலும், துடுப்பு போட்டுக் களைத்த கையோடு அதே பாதையில் ஒருவர் திரும்பிப் போய் மேலே விட்ட காரை எடுத்து வர வேண்டும். மற்றவர்கள் அதுவரை ஈரத் துணியோடு கொசுக்கடியில் காத்திருக்க வேண்டும்.

செலவும் இரட்டிப்பு. ஒவ்வொரு காருக்கும் விஇபி, அதாவது மலேசியாவுக்குள் வெளிநாட்டு வண்டி நுழையும் அனுமதி, வேண்டும். 2025 ஜூலையிலிருந்து அது இல்லாமல் போனால் 300 ரிங்கிட் அபராதம். சிங்கப்பூரை விட்டு வெளியேறும்போது முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும். மலேசியாவில் நிரப்பினால் ரான் 97 ரகப் பெட்ரோல்தான்; மலிவான ரான் 95 நம் பதிவு எண் வண்டிக்குக் கிடையாது.

மடக்கு சைக்கிளை முடிவில் வைத்துவிட்டு, கரையேறியதும் மிதித்துப் போய்க் காரை எடுக்கும் வழியும் உண்டு. தார்ச் சாலையை ஒட்டி ஓடும் சின்ன ஆறுகளுக்குப் பரவாயில்லை. இங்கே நினைத்தே பார்க்க வேண்டாம்.

இப்போது நாங்கள் மாற்றாமல் செய்வது இதுதான்: ஒரே கார், அதுவும் முடிவில். நித்தாரில் தெரிந்த ஒருவர் வீட்டு வாசலில் நிறுத்தி, கையில் கொஞ்சம் பணம் கொடுத்துவிடுவோம். காஹாங்கிலிருந்து ஒரு ஃபோர் வீல் வாடகை வண்டி அங்கேயே வந்து ஆட்களையும் படகுகளையும் ஏற்றிக்கொண்டு மேலே போகும். எங்களுடையது காற்றடைக்கும் கனூ என்பதால் காரின் பின்பெட்டியிலேயே அடங்கிவிடும். இந்த ஏற்பாட்டில் எல்லாக் காத்திருப்பும் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. ஆற்றில் தாமதமானாலும் கரையில் யாரும் நமக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கப்போவதில்லை. கைபேசிச் சிக்னலை நம்ப முடியாத இடத்தில் இது பெரிய நிம்மதி.

வண்டிக்குக் கொடுக்கும் பணத்தில் இன்னொன்றும் கிடைக்கிறது. எங்களுக்கு வழக்கமாக வரும் ஓட்டுநர் அந்தப் பக்கத் தோட்டத்தில் வளர்ந்த தமிழர். "நேத்து மேல நல்ல மழைண்ணே, பெத்தாவுல கேட்டுட்டுக் கிளம்புவோம்" என்பார். அவர் ஒரு போன் போட்டுச் சொல்லும் தகவல் எந்த வானிலைச் செயலியிலும் வராது. அவர் வேண்டாம் என்றால் நாங்கள் இறங்குவதில்லை.

கார் சாவி விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஒரு சாவி ஒரு படகில், மாற்றுச் சாவி இன்னொரு படகில், இரண்டும் தண்ணீர் புகாத பையில். படகு கவிழ்ந்தால் சிரித்துக்கொண்டே ஏறிவிடலாம். சாவி போனால் நித்தாரில் யார் வந்து திறப்பது?

கம்போங் பெத்தா எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவின் வாசல்; அந்தப் பூங்கா அனுமதியைக் காஹாங் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நவம்பரில் தொடங்கும் பருவமழைக் காலத்தில் ஆறு ஏறிவிடும்; அந்த மாதங்களை நாங்கள் தொடுவதேயில்லை. அப்புறம், ஞாயிறு மாலை கரையேறும்படி திட்டம் போடாதீர்கள். அந்த நேரத்தில் சிங்கப்பூருக்குத் திரும்பும் காஸ்வே பாலத்தில் நிற்பது ஆற்றில் இருந்த நேரத்தைவிட நீளமாகத் தோன்றும். வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்து, சனிக்கிழமை மதியமே முடித்துக்கொள்வதுதான் எங்கள் வழக்கம்.