சமவுயரக் கோடு நெளிந்தால்: புள்ளிகளைக் கூட்டுவதா, பிரிப்பை ஆழமாக்குவதா?

மேத்தமெட்டிக்கா என்ற கணித மென்பொருளில் வரையும் சமவுயரக் கோடு பல்லுப் பல்லாக வந்தால் கை வைக்க இரண்டு அமைப்பு உண்டு: பிளொட்பொயின்ட்ஸ் (PlotPoints, புள்ளிகளின் எண்ணிக்கை), மெக்ஸ்ரிகேர்ஷன் (MaxRecursion, பிரிப்பின் ஆழம்; சுருக்கமாக ரிகேர்ஷன்). பேராதனையில் படிக்கும் நம் மலையகப் பிள்ளைகள் எதைக் கூட்டுவது என்று கேட்கிறார்கள்.

வேலை: முதலாவது, மென்பொருள் சார்பைக் கணிக்கும் புள்ளிகளின் தொடக்க வலையை எல்லா இடத்திலும் நெருக்கமாக்கும். இரண்டாவது, தேவையான இடத்தை மட்டும் மேலும் பிரிக்கும்.

நேரம்: பிளொட்பொயின்ட்ஸ் 50ஐ 100 ஆக்கினால் தொடக்கப் புள்ளிகள் 2,500இலிருந்து (50×50) 10,000 (100×100). பழைய லெப்டொப் திணறும். ரிகேர்ஷனும் இலவசமில்லை, 4க்கு மேல் நான் போவதில்லை.

நம்பகம்: விசயமே இங்கேதான். 2,243 மீற்றர் சிவனொளிபாதமலை மாதிரி ஒடுங்கிய கூம்பைச் சமன்பாடாக எழுதுங்கள். அது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழுந்துவிட்டால் மென்பொருளுக்கு அங்கே மலையே இல்லை. பிரிக்க வேண்டிய இடம் எது என்றே தெரியாதபோது ரிகேர்ஷன் என்ன செய்யும்? புள்ளிகளைக் கூட்டினால்தான் சிகரம் தலைகாட்டும்.

மெதுவாக ஏறி இறங்கும் சார்புக்கு ரிகேர்ஷன் போதும். கூர்ச் சிகரம், ஒடுங்கிய பள்ளத்தாக்கு என்றால் முதலில் புள்ளிகள், அப்புறம் ரிகேர்ஷன். சமன்பாடு இல்லாமல் அளவெடுத்த உயரத் தரவை லிஸ்ட்கொன்டூர்பிளொட் (ListContourPlot) கட்டளையில் வரைபவர்கள் இரண்டையும் விட்டு, தரவுப் புள்ளிகளுக்கு இடையை எப்படி நிரப்புவது என்று சொல்லும் இன்டர்பொலேஷன்ஓர்டரைப் (InterpolationOrder) பாருங்கள்.