மெயில் சான்றிதழ் "காலாவதி" என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

மொரீஷியஸில் லேப்டாப்பைக் கடையில் கொடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

போன தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, லேப்டாப் ரொம்ப மெதுவாக ஓடுகிறது என்று போர்ட் லூயிஸில் ஒரு கடையில் கொடுத்தேன். சுத்தம் செய்து, நான் கேட்காமலேயே ஒரு ஆன்டிவைரஸையும் போட்டு, 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். ரோஸ் ஹில்லுக்கு வந்து மெயில் படிக்கும் மென்பொருளான தண்டர்பேர்டைத் திறந்தால் ஒரு மெயில்கூட இறங்கவில்லை. சான்றிதழை, அதாவது எதிர்முனையில் இருப்பது நம் மெயில் சர்வர்தான் (மெயிலை வைத்திருக்கும் கணினி) என்று காட்டும் அடையாளச் சீட்டை, நம்ப முடியாது என்று ஒரு பெட்டி, மூடினால் மறுபடியும் அதே பெட்டி. காவடி எடுப்பவர்களின் பெயர்கள் எல்லாம் அந்த மெயிலுக்குத்தான் வந்துகொண்டிருந்தன, எனக்குக் கை கால் ஓடவில்லை.

கடைக்குப் போன் போட்டேன். "உங்கள் மெயில் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, புதிது வாங்க 3,500 ரூபாய்" என்றார்கள். பதற்றத்தில் 1,500 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அண்ணன் மகன் வந்தான். "சித்தப்பா, போனில் மெயில் வருதா?" என்று கேட்டான். வந்தது. அப்படியென்றால் சான்றிதழ் காலாவதியாகவில்லை. அப்புறம் அந்தப் பெட்டியிலேயே சான்றிதழைத் திறந்து, வழங்கியவர் யார் என்று காட்டினான். எங்கள் மெயில் நிறுவனத்துக்குச் சான்றிதழ் கொடுத்தவர்களின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்த ஆன்டிவைரஸின் பெயர் இருந்தது!

விஷயம் இதுதான். மெயிலில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க, இந்த ஆன்டிவைரஸ் நமக்கும் சர்வருக்கும் நடுவில் புகுந்து, பூட்டிய இணைப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு, தானே தயாரித்த சான்றிதழை நம்மிடம் நீட்டுகிறது. அதை நம்பச் சொல்லி விண்டோஸின் பட்டியலில் தன் பெயரைச் சேர்த்துவைத்திருக்கும், அதனால் அந்தப் பட்டியலைப் பார்க்கும் அவுட்லுக் என்ற மெயில் மென்பொருள் சத்தம் போடாது. தண்டர்பேர்ட் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதில் இந்தப் பெயர் இல்லை. அண்ணன் மகன் ஆன்டிவைரஸ் அமைப்பில் மெயில் ஸ்கேனை நிறுத்தினான், இரண்டு நிமிடத்தில் மெயில் எல்லாம் கடகடவென்று இறங்கின. மெயிலோடு வரும் கோப்பைச் சேமிக்கும்போதும் திறக்கும்போதும் ஆன்டிவைரஸ் எப்படியும் பார்க்கும் என்பதால் பயமில்லை என்றான்.

சர்வரின் சான்றிதழைப் புதுப்பிப்பது அதை நடத்துபவர்களின் வேலை, நாம் வாங்கும் பொருளே இல்லை. பெட்டி வந்தால் கணினியின் தேதி, நேரம் சரியா என்று பாருங்கள், அப்புறம் வழங்கியவர் பெயரைப் பாருங்கள். யாரென்றே தெரியாத பெயர் இருந்தால், பரவாயில்லை நம்பு என்று சொல்லும் "விதிவிலக்கு" பொத்தானை அமுக்கிவிடாதீர்கள், யாராவது உண்மையிலேயே நடுவில் உட்கார்ந்து உங்கள் பாஸ்வேர்டை எடுக்கலாம்.

முன்பணத்தைக் கேட்டு இரண்டு தடவை போய்விட்டேன், முதலாளி இல்லை என்கிறார்கள். ரசீதும் தரவில்லை. திங்கட்கிழமை அண்ணன் மகனையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.