இறுகிப்போன டிரெய்ன் பிளக்: நீள பைப்பா, ஏர் கன்னா, நெருப்பா?

ஏற்காட்டிலிருந்து காப்பியும் மிளகும் ஏற்றி இறங்கும் வண்டிக்கு, பின் அச்சில் சக்கரங்களைச் சுற்றவைக்கிற கிரவுன் பற்சக்கரத்தின் ஆயில்தான் உயிர். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறும்போது கிரவுன் பற்களின் ஒரு பக்கம் பாரத்தைத் தாங்குகிறது. இறங்கும்போது எஞ்சின் பிரேக்கில் அதே பற்களின் மறுபக்கம் தாங்குகிறது. மேலே பனிமூட்டத்தில் வண்டியை நிறுத்தினால் பற்களை மூடியிருக்கும் சூடான ஹவுசிங் குளிர்ந்து ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். நாளடைவில் ஆயில் பால் மாதிரி வெளுத்துவிடும். அதனால் மலைக்குப் போகிற வண்டியில் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட வழியில்லை. சேலம் கொண்டலாம்பட்டி ஷெட்டில் போன மழைக்காலத்துக்குப் பிறகு என் வண்டியை நிறுத்தி ஸ்பேனர் போட்டபோதுதான், பழைய ஆயிலை வடிக்க அடியில் இருக்கும் டிரெய்ன் பிளக் அசையவே மாட்டேன் என்றது. அன்று ஒவ்வொரு வழியாக முயன்றதையும், அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததையும் வைத்து எழுதுகிறேன்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் மேலே இருக்கும், ஆயில் ஊற்றுகிற ஃபில்லர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். டிரெய்னைத் திறந்து ஆயிலை வடித்த பிறகு ஃபில்லர் திறக்கவில்லை என்றால் வண்டி அங்கேயே கிடக்க வேண்டியதுதான். என் மேஸ்திரி கேட்ட முதல் கேள்வியே, "மேல் பிளக் கழண்டுச்சா அண்ணா?" என்பதுதான்.

அடுத்தது, பிளக் எதனால் பிடித்திருக்கிறது என்பது. துரு ஏறியிருக்கலாம். போன தடவை யாரோ அளவுக்கு மீறி முறுக்கியிருக்கலாம். அலுமினிய ஹவுசிங்கில் இரும்பு பிளக் இருந்து, இரண்டு உலோகமும் ஈரத்தில் அரித்து ஒட்டியிருக்கலாம். இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. கையில் எந்தக் கருவி இருக்கிறதோ அதை எடுக்கிற பழக்கத்தால்தான் பாதி பிளக்குகளின் தலை மழுங்குகிறது.

முதல் போட்டி, ஸ்பேனர் முனையில் செருகி நெம்புகிற நீள பைப்புக்கும், காற்றழுத்தத்தில் அடித்தடித்துத் திருப்புகிற ஏர் கன்னுக்கும். ஷெட்டில் எல்லாரும் கன்னைத்தான் தேடுவார்கள். எனக்கு பைப்தான் மேல். ஒரு அடி ஸ்பேனரின் முனையில் 30 கிலோ விசை கொடுத்தால் பிளக்கில் விழுவது ஏறக்குறைய 9 கிலோ-மீட்டர் முறுக்கு. அதே விசையை ஒரு மீட்டர் பைப்பின் முனையில் கொடுத்தால் 30 கிலோ-மீட்டர். விசை சீராக ஏறுவதால் பிளக் கழல்கிறதா, தலை வழுக்குகிறதா என்று கைக்கே தெரியும். நிறுத்த நேரம் இருக்கும். கன்னில் அந்த உணர்வு கிடையாது. தலை மழுங்கிய பிறகுதான் தெரியும். உள்ளே சதுரக் குழி வைத்த பிளக்கில் கன் இன்னும் மோசம், குழியின் மூலைகள் உருண்டுவிடும்.

ஆனால் துருப்பிடித்த பிளக்குக்குக் கன் ஒரு விதத்தில் பொருத்தமானதுதான். சீரான இழுப்பு துருவை உடைப்பதைவிட, குட்டிக் குட்டி அடிகள் நன்றாக உடைக்கும். அந்த வேலையைச் சுத்தியலே செய்துவிடும் என்பது என் அனுபவம். வார்ப்பிரும்பு ஹவுசிங்காக இருந்தால், பிளக்கின் தலையில் நேராக நாலைந்து அடி, தெறிக்கிற மாதிரி. பிறகு பைப். அப்புறம் மறுபடி அடி. இடையில் இறுக்கும் பக்கமாக ஒரு நூலளவு திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஆட ஆடத்தான் துரு பொடியாகி வழிவிடும். கன் போட்டே தீர வேண்டுமென்றால் கறுப்பு இம்பாக்ட் சாக்கெட் போடுங்கள். பளபள குரோம் சாக்கெட் கன்னின் அடியில் வெடித்துச் சிதறலாம். நீள எக்ஸ்டென்ஷனும் வேண்டாம், அடியின் பாதி அதிலேயே போய்விடும்.

எந்தக் கருவியானாலும் பிடிதான் முக்கியம். பன்னிரண்டு மூலை சாக்கெட் வேண்டாம், ஆறு மூலை போதும். சதுரக் குழியில் இறுகிக் கிடக்கும் சேற்றை ஆணியால் சுரண்டிக் கழுவி, கருவி அடிவரை போய் உட்கார்ந்ததா பாருங்கள். மலையின் செம்மண் காய்ந்தால் சிமென்ட் மாதிரி. பாதி ஆழத்தில் உட்கார்ந்த கருவியால்தான் என் பிளக்கின் ஒரு மூலை போனது. இன்னொன்று, வண்டிக்கடியில் மல்லாந்து படுத்தால் திசை குழம்பும். பிளக்கின் முகத்தை நேராகப் பார்த்தபடி இடப்பக்கம் சுற்றினால்தான் கழலும்.

அடுத்த போட்டி ஊறவைக்கும் எண்ணெய்க்கும் நெருப்புக்கும். டபிள்யூ.டி.-40 ஸ்ப்ரேயை எல்லாரும் அடிக்கிறார்கள். அதன் பெயரில் இருக்கிற இரண்டு எழுத்துக்கு ஈரத்தை விரட்டுவது என்றுதான் பொருள். அதற்கும் கொஞ்சம் ஊடுருவும் குணம் உண்டு, ஆனால் துருவைத் தளர்த்தவென்றே விற்கிற எண்ணெய் அதைவிட மேல். எது அடித்தாலும் ஒரு ராத்திரி விட வேண்டும். அடித்த அஞ்சு நிமிஷத்தில் ஸ்பேனர் போட்டால் அடிக்காததற்குச் சமம். பிளக் வாஷர் இல்லாத கூம்பு மரையாக இருந்தால் எண்ணெய் நுழையவே இடைவெளி இருக்காது. அங்கே இது நேர விரயம். மிகையாக முறுக்கப்பட்ட பிளக்கிலும் அதே கதைதான். முறுக்கியதைக் கழற்ற முறுக்குத்தான் வேண்டும்.

நெருப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். கியர் பாக்ஸிலும் இதே மாதிரி பிளக் உண்டு, அதன் ஹவுசிங் அலுமினியமாக இருந்தால் வெப்பம்தான் சிறந்த வழி. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 24 மி.மீ. பிளக் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 100 டிகிரி சூடு ஏறினால் அலுமினியத் துளை 0.055 மி.மீ. பெரிதாகும், இரும்பு பிளக் 0.03 மி.மீ.கூடப் பெருக்காது. அந்தச் சிறு வித்தியாசமே பிடியைத் தளர்த்திவிடும். இங்கே சுத்தியல் அடியும் கன்னும் வேண்டாம். அலுமினிய மரை பிய்ந்துகொண்டு வந்துவிடும்.

கிரவுன் ஹவுசிங் பெரும்பாலும் இரும்பு. அங்கே பிளக்கும் இரும்பு, ஹவுசிங்கும் இரும்பு, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் விரியும். மொத்தத்தையும் சூடாக்கினால் ஒன்றும் நடக்காது. பிளக்கைச் சுற்றியுள்ள ஹவுசிங்கை மட்டும் வேகமாகச் சூடாக்கினால் உண்டு. அல்லது பிளக்கை மட்டும் சூடாக்கி ஆறவிட வேண்டும். விரிய இடமில்லாமல் நசுங்கும் பிளக், ஆறும்போது சுருங்கித் தளரும்.

ஆனால் உள்ளே ஆயில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. 200 டிகிரியைத் தொட்டாலே கியர் ஆயில் ஆவி தீப்பிடிக்கிற நிலைக்கு வந்துவிடும். பக்கத்தில் இருக்கும் ரப்பர் சீல் அதற்கு முன்பே கெட்டுவிடும். முந்தின நாள் அடித்த ஸ்ப்ரேயைத் துடைக்காமல் கேஸ் டார்ச் நெருப்பை வைக்கவே கூடாது. இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறம் மாறாமலேயே 660 டிகிரியில் உருகிவிடும். அதனால் டார்ச்சைவிட, சுவர் பெயிண்ட் உரிக்கிற ஹாட் ஏர் கன் அலுமினியத்துக்குப் பாதுகாப்பு. இன்னும் எளிது, ஏற்காடு போய் இறங்கி அடிவாரத்தைத் தாண்டி வந்த கையோடு, ஹவுசிங் சூடாக இருக்கும்போதே முயல்வது. ஆயிலும் இளகி, அடியில் படிந்ததையும் சேர்த்து வடியும். தடித்த கையுறை மட்டும் கட்டாயம்.

தலை மழுங்கிவிட்டது என்றால்? உளி வைத்து ஓரத்தில் அடித்துத் திருப்புவது, பைப் ரெஞ்ச், பிளக்கில் துளைபோட்டு இறக்கித் திருப்புகிற எக்ஸ்ட்ராக்டர், நட் வெல்டிங் என்று நாலு வழி சொல்வார்கள். தலை வெளியே நீட்டியிருந்தால் பைப் ரெஞ்ச்சை ஒரு தடவை முயலலாம். உளி எனக்குப் பிடிக்காது, வழுக்கினால் ஹவுசிங்கின் வாஷர் உட்காரும் முகம் கீறும். எக்ஸ்ட்ராக்டரும் கூடாது. கெட்டி எஃகான அது உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் ஏறாது, துளைபோட்ட துருவல் உள்ளே போனால் பேரிங்குக்கு ஆபத்து. நட் வெல்டிங்தான் வெல்கிறது. பிளக்கின் மேல் ஒரு பெரிய நட்டை வைத்து உள்பக்கமாக வெல்டிங் வைத்தால் புதுப் பிடியும் கிடைக்கிறது, பிளக்குக்கு மட்டும் சூடும் கிடைக்கிறது. என் பிளக் கடைசியில் இப்படித்தான் கழன்றது. வெல்டிங் முடிந்து ஆறியதும், பைப்கூட வேண்டாமல், சாதாரண ரிங் ஸ்பேனருக்கே வந்தது.

இதற்கு நிபந்தனைகள் உண்டு. பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். எர்த் கிளிப்பைப் பிளக்குக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். சேசிஸில் எங்கோ மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து குழி போட்டுவிடும். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆயில் சொட்டிக்கொண்டிருந்தால் வெல்டிங்கைத் தொடாதீர்கள். அலுமினிய கியர் பாக்ஸில் இதைத் தெரிந்த வெல்டரிடம் மட்டும் விடுங்கள்.

பிளக்கைத் தொடாமல் ஃபில்லர் வழியாகக் கைப் பம்ப்பில் உறிஞ்சுவதும் ஒரு வழிதான். லோடு காத்திருக்கும் நாளில் நானும் செய்திருக்கிறேன். அடியில் இருக்கும் கசடும், காந்த பிளக்கில் ஒட்டிய இரும்புத் தூளும் அப்படியே தங்கிவிடும். அந்தத் தூள்தான் கிரவுன் பற்களின் ஆரோக்கியத்தைச் சொல்லும். அதைப் பார்க்காமல் புது ஆயில் ஊற்ற எனக்கு மனசு வராது.

மாட்டும்போது புது பிளக், புது வாஷர். கன்னை எடுக்க வேண்டாம், கம்பெனி சொன்ன அளவுக்கு, முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச். என் பிளக் அப்படி இறுகியதற்குக் காரணம், போன தடவை ஒரு பட்டறையில் பழைய வாஷரோடு கன்னில் முறுக்கி விட்டதுதான். வாஷர் நசுங்கி, பிளக்கின் தலையோடு ஒட்டியே வெளியே வந்தது. இந்த முறை காப்பர் வாஷர் போட்டு, மரையில் ஒரு சொட்டு ஆயில் தடவி, கையால் நாலு சுற்றுப் போன பிறகுதான் ஸ்பேனர் வைத்தேன்.